பத்திரம் கைக்கு வராத வீடுகள்

அமெரிக்க மைய வங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் குடும்ப நிதிக் கணக்கெடுப்பின்படி, 2022ஆம் ஆண்டில் அந்நாட்டு வெள்ளையினக் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து மதிப்பு, அதாவது எல்லாக் குடும்பங்களையும் சொத்து வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்துக்குக் கடன் போக மிஞ்சும் சொத்து, 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களில் அது 44,900 டாலர். வருமானத்தில் கறுப்பினக் குடும்பம் வெள்ளையினக் குடும்பத்தின் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி ஈட்டும்போது, சொத்தில் மட்டும் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே நிற்பது ஏன் என்ற கேள்விக்குச் சோம்பல், சிக்கனமின்மை, குடும்பச் சிதைவு என்று பல விளக்கங்கள் அந்நாட்டில் பல காலமாகச் சொல்லப்பட்டு வந்துள்ளன. அவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்பதைக் காட்ட ஒரே ஒரு பொருளின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் போதும். அந்தப் பொருள் வீடு.

நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் செல்வத்தில் பெரும்பங்கு அது குடியிருக்கும் வீட்டில்தான் அடங்கியிருக்கிறது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும், தொழில் தொடங்கும் முதலுக்கும், எதிர்பாராத மருத்துவச் செலவுக்கும் வீட்டின் மீதுதான் கடன் வாங்கப்படுகிறது. பொதுப் பள்ளிகளின் நிதியில் கணிசமான பகுதி அவ்வட்டார வீடுகளின் சொத்து வரியிலிருந்து வருவதால், வீட்டின் விலை பள்ளியின் தரத்தையும் பாதிக்கிறது. வெள்ளையினக் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சொந்த வீட்டில் வாழும் நாட்டில், கறுப்பினக் குடும்பங்களில் சொந்த வீடுள்ளோர் பாதியைக்கூட எட்டவில்லை. இந்த இடைவெளி தானாக விழுந்ததன்று. அலுவலகங்களில் உட்கார்ந்து, வரைபடமாகவும் விதிநூலாகவும் ஒப்பந்தமாகவும், எழுதி உருவாக்கப்பட்டது. அது எழுதப்பட்ட விதத்தைச் சிகாகோ நகரைப் போல், குறிப்பாக அதன் மேற்குப் பகுதியிலுள்ள நார்த் லாண்டேலைப் போல், தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்று இருப்பது அரிது.

1910க்கும் 1970க்கும் இடையே ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளையும் இனப்பிரிப்புச் சட்டங்களையும் விட்டு வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்குச் சென்றார்கள். வரலாற்றாசிரியர்கள் இதைப் பெரும் புலப்பெயர்வு என்கிறார்கள். 1910இல் சிகாகோவில் 44,000 பேராக இருந்த கறுப்பினத்தவர் 1970இல் 11 லட்சமானார்கள். ஆனால் ஆள் பெருகிய அளவுக்கு இடம் பெருக விடப்படவில்லை. நகரின் தெற்கே 'கறுப்பு வளையம்' எனப்பட்ட குறுகிய நிலத்துண்டுக்குள் அவர்கள் அடைக்கப்பட்டார்கள். 1919 ஜூலையில் மிச்சிகன் ஏரியில் மிதந்துகொண்டிருந்த 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், வெள்ளையர் தமதென்று கொண்ட நீர்ப்பரப்புக்குள் போனதற்காகக் கல்லெறியப்பட்டு மூழ்கி இறந்ததிலிருந்து மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். தண்ணீரிலேயே கோடு கிழிக்கப்பட்டிருந்த நகரத்தில் நிலத்தில் கிழிக்கப்பட்ட கோடுகள் எவ்வளவு ஆழமாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கலவரக்காரர்களின் கல்லைவிட உறுதியாக அந்தக் கோட்டைக் காத்தது இன விலக்கு உடன்படிக்கை என்னும் ஏற்பாடு. இந்த வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டேன் என்று அண்டை வீட்டார் அனைவரும் கையெழுத்திட்டுப் பத்திரத்தோடு பிணைத்துக்கொள்வதும், மீறியவரை நீதிமன்றத்துக்கு இழுப்பதும் அதன் நடைமுறை. சிகாகோ ரியல் எஸ்டேட் வாரியம் 1927இல் இதற்கு ஒரு மாதிரிப் படிவத்தையே தயாரித்துப் பரப்பியது. 1937இல் அப்படிப்பட்ட வட்டாரம் ஒன்றில் வீடு வாங்கிய கார்ல் ஹான்ஸ்பெர்ரியின் குடும்பம் வெளியே கூடிய கும்பலின் தாக்குதலையும், பிறகு நீதிமன்ற வழக்கையும் சந்தித்தது. 1940இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வெற்றி தந்தபோதும், அதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றைக் கண்டதே தவிர, இன விலக்கைத் தவறென்று சொல்லவில்லை. அந்த வீட்டில் சிறுமியாக இருந்த லொரைன் ஹான்ஸ்பெர்ரி, வீடு வாங்கத் துடிக்கும் சிகாகோக் கறுப்பினக் குடும்பத்தைப் பற்றி எழுதிய நாடகம் 1959இல் பிராட்வே மேடை ஏறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி அங்கு அரங்கேறிய முதல் நாடகம் அதுதான். இவ்வுடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1948 வரை ஆயிற்று. அதுவரை கறுப்பு வளையத்திற்குள் ஒரு குடித்தன வீட்டைப் பலகை வைத்து ஐந்தாறு அறைகளாகத் தடுத்து, அறைக்கொரு குடும்பமாக, எல்லோருக்கும் பொதுவாக ஒரே குளியலறையுடன் வாடகைக்கு விடுவது வழக்கமாக இருந்தது. 'கிச்சனெட்' எனப்பட்ட அந்த ஒற்றை அறைகளின் வாழ்வைத்தான் கவிஞர் குவென்டலின் புரூக்ஸ் எழுதினார். 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

இதற்கிடையே கூட்டரசு களத்தில் இறங்கியது. அதன் பங்குதான் எல்லாவற்றிலும் பெரியது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வீடுகள் ஜப்தியாவதைத் தடுக்க 1933இல் தொடங்கப்பட்ட வீட்டுக்கடன் கழகம், 200க்கும் மேற்பட்ட நகரங்களைத் தெருத்தெருவாக மதிப்பிட்டு, நம்பகமான வட்டாரத்துக்குப் பச்சை, அடுத்தடுத்த நிலைகளுக்கு நீலம், மஞ்சள், கடன் கொடுக்க ஆபத்தான வட்டாரத்துக்குச் சிவப்பு என நிறம் தீட்டியது. கறுப்பினத்தவர் வாழும் வட்டாரம், அங்குள்ளோரின் வருவாய் எதுவாயினும், பெரும்பாலும் சிவப்பாகவே தீட்டப்பட்டது. 'ரெட்லைனிங்' என்ற சொல்லுக்கு இந்த வழக்கமே பொருள் தந்தது. அந்த வரைபடங்களே எல்லாத் தீங்குக்கும் வேர் என்று கருதுவோருக்கு எதிராக, கழகம் கறுப்பினத்தவருக்கும் கடன் கொடுத்தது என்பதை அண்மைக்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளார்கள். அந்தத் திருத்தம் நியாயமானது; அதை ஏற்றால் குற்றச்சாட்டு இன்னும் சரியான இடத்தில் போய் விழுகிறது. அந்த இடம் 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம். இது நேரடியாகக் கடன் கொடுக்காது. வங்கி கொடுக்கும் கடனுக்குக் காப்புறுதி அளிக்கும். அதற்கு முன் வீட்டு விலையில் பாதியளவு முன்பணம் கட்டிச் சில ஆண்டுகளுக்குள் கடனைத் தீர்க்க வேண்டியிருந்த நிலையை மாற்றி, சிறு முன்பணத்துடன் 20, 30 ஆண்டுத் தவணையில் தொழிலாளியும் வீடு வாங்கும் வழியைத் திறந்தது இந்தக் காப்புறுதிதான். அதன் விதிநூலோ, இனம் கலந்து வாழும் வட்டாரத்தில் வீட்டு மதிப்பு குறையும் என்பதை இயற்கை விதிபோல் வகுத்து, அத்தகைய வட்டாரங்களை ஒதுக்கச் சொன்னது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கென வந்த 1944ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வழியில் சென்றது: 1947இல் மிசிசிப்பியில் அச்சட்டத்தின்கீழ் உறுதியளிக்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு.

வங்கிக் கதவு இப்படி மூடப்பட்டபின் வீடு வாங்கும் ஆசையும் தேவையும் மட்டும் மிஞ்சின. அந்த இடைவெளியில் புகுந்த வணிகத்துக்குப் பெயர் ஒப்பந்த விற்பனை. வாங்குபவர் முன்பணம் கட்டி, மாதத் தவணையை வங்கிக்கன்றி விற்பவருக்கே செலுத்துவார். கடைசித் தவணை முடியும்வரை பத்திரம் விற்பவர் பெயரிலேயே இருக்கும். இடையில் ஒரே ஒரு தவணை தவறினாலும் வாங்குபவரை வெளியேற்றி, அதுவரை கட்டிய தொகை முழுவதையும் விற்பவர் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்குரிய பொறுப்புகளான வரியும் பழுதுபார்ப்பும் வாங்கியவர் தலையில். வீட்டுக்காரருக்குரிய உரிமை எதுவும் அவருக்கில்லை. அடமானக் கடன் வாங்கியவருக்குத் தவணை கட்டக்கட்ட வீட்டில் பங்கு சேரும்; ஒப்பந்தத்தில் வாங்கியவருக்குக் கடைசி நாள்வரை எதுவும் சேராது. இல்லினாய் மாநிலத்தின் நில அறக்கட்டளைச் சட்டம் உரிமையாளரின் பெயரை மறைத்துக்கொள்ள இடம் கொடுத்ததால், தன் வீட்டின் உண்மையான உரிமையாளர் யாரென்றே தெரியாமல் பல குடும்பங்கள் பணம் கட்டிவந்தன.

நார்த் லாண்டேலில் இவ்வணிகம் செழித்த வேகத்தை மக்கள்தொகைக் கணக்கே சொல்கிறது. யூதர்கள் நிறைந்திருந்த அந்த வட்டாரத்தில் 1950இல் கறுப்பினத்தவர் 13 விழுக்காடு. 1960இல் 91 விழுக்காடு. கறுப்பினத்தவர் வருகிறார்கள், வீட்டு விலை சரியப்போகிறது என்று தரகர்கள் வெள்ளையரிடம் பீதி கிளப்பினார்கள். அச்சத்தை ஊட்ட, கறுப்பினப் பெண் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக் குழந்தை வண்டியுடன் தெருவில் மேலும் கீழும் நடக்க வைத்ததும் உண்டு. பயந்தவர் மலிவாக விற்றதை வாங்கி, ஏங்கியவரிடம் இரட்டை விலைக்கு ஒப்பந்தத்தில் தள்ளினார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, 1950களிலும் 60களிலும் சிகாகோவில் கறுப்பினக் குடும்பங்களுக்கு விற்கப்பட்ட வீடுகளில் 75 முதல் 95 விழுக்காடு வரை இம்முறையில் விற்கப்பட்டவை. சராசரியாக 84 விழுக்காடு கூடுதல் விலை வைக்கப்பட்டது. அக்குடும்பங்கள் இழந்தது, ஆய்வு வெளிவந்த கால மதிப்பில், 300 முதல் 400 கோடி டாலர்.

எழுத்தாளர் டா-நஹாசி கோட்ஸ் 2014இல் எழுதிய நீண்ட கட்டுரையின் வழியே நாடறிந்தவரான கிளைட் ராஸ், அந்தக் கோடிகளுக்குள் அடங்கிய ஒரு மனிதர். மிசிசிப்பியில் அவர் சிறுவனாக இருந்தபோது, 3,000 டாலர் வரிப்பாக்கி என்று சொல்லி அவருடைய தந்தையின் நிலமும் கால்நடைகளும் பறிக்கப்பட்டன. கணக்கைச் சரிபார்க்கவோ வழக்காடவோ வழியில்லாத அக்குடும்பம் வாரக்குடியாயிற்று. போர்க்காலத்தில் ராணுவத்தில் பணியாற்றி, பின் சிகாகோவுக்கு வந்து சூப் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த ராஸ், 1961இல் நார்த் லாண்டேலில் 27,500 டாலருக்கு வீடு வாங்கினார். விற்றவர் ஆறு மாதங்களுக்கு முன் அதற்குக் கொடுத்த விலை 12,000 டாலர். குடியேறிய மூன்றாம் மாதம் கொதிகலன் பழுதானபோதுதான், தான் வீட்டுக்காரரல்ல என்பதும், ஆனால் செலவு மட்டும் தன்னுடையது என்பதும் அவருக்குத் தெரியவந்தது. தவணைக்காக அஞ்சலகத்தில் இரண்டாவது வேலை, பீட்சா கொண்டுகொடுக்கும் மூன்றாவது வேலை என்று ஓடியதில் பிள்ளைகளோடு இருக்கும் நேரம் போயிற்று. நிலப் பறிப்பிலிருந்து தப்பி வந்தவர் அதே பறிப்பை நகரத்தில் ஒப்பந்தத் தாளில் சந்தித்தார் என்பதே அவருடைய வாழ்வின் கொடுமை.

இந்த ஏற்பாட்டின் மிகக் கொடிய விளைவு, அது தன் பொய்யைத் தானே மெய்யாக்கிக் காட்டியது என்பதுதான். இரட்டை விலைத் தவணையைக் கட்டக் கணவனும் மனைவியும் இரண்டு பணிமுறை உழைத்தார்கள். போதாதபோது அறைகளைத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். கூரை ஒழுகினாலும் சரிசெய்யக் காசில்லை. பள்ளிகள் நிரம்பி வழிந்தன, மாலையில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை, வீடுகள் சிதைந்தன. அரசு அலுவலர்களும் வெள்ளையின அண்டை வட்டாரத்தினரும் அதைப் பார்த்து, கறுப்பினத்தவர் வந்தால் ஊர் கெடும் என்று விதிநூல் சொன்னது சரிதான் என்றார்கள். சந்தை விலையைவிட மிகுதியாகக் கொடுத்து வாங்கியவர்களே வீட்டு மதிப்பைக் குறைப்பவர்கள் எனப்பட்டார்கள்.

1966 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் இந்த நார்த் லாண்டேலில்தான் ஓர் அடுக்கக வீட்டில் குடியேறிப் போராட்டத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டில் மார்க்கெட் பூங்கா ஊர்வலத்தில் கல்லடி பட்டார். அவருடைய இயக்கம் பரவலாக எழுதப்பட்டுவிட்டது. அவர் போனபின் அங்கிருந்த மக்களே கட்டிய அமைப்பைப் பற்றி அந்த அளவுக்கு எழுதப்படாதது பெரும் குறை. 1967இல் ஜாக் மக்னமாரா என்ற ஏசு சபைத் துறவு மாணவரும் கல்லூரி மாணவர் சிலரும் அப்பகுதியில் தங்கி, வீட்டுப் பதிவேடுகளைப் புரட்டி, எந்த வீடு எவ்வளவுக்கு வாங்கப்பட்டு எவ்வளவுக்கு விற்கப்பட்டது என்று தொகுத்தார்கள். ஏமாந்தோம் என்ற வெட்கத்தால் அண்டை வீட்டாரிடம்கூட வாய் திறக்காமலிருந்தவர்கள், ரூத் வெல்ஸ் என்ற பெண் தன் ஒப்பந்தத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். 1968இல் ஒப்பந்த வீட்டாளர் சங்கம் பிறந்தது; புதன்கிழமை தோறும் மாலையில் பிரசென்டேஷன் தேவாலயத்தில் கூட்டம் நடந்தது; கிளைட் ராஸ் அதன் முன்னணியில் நின்றார். மறுபேரத்துக்கு விற்பனையாளர்கள் இணங்காதபோது நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தவணையை நிறுத்திவைத்தன. ஷெரிப்பின் ஆட்கள் வந்து கட்டிலையும் மேசையையும் தெருவில் வைத்துவிட்டுப் போக, சங்கத்தார் கூடி அவற்றைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். சிகாகோக் குளிர்காலத்தில், மறுபடியும் ஆட்கள் வருவார்கள் என்று தெரிந்தே, ஒரு வீட்டின் அடுப்பையும் படுக்கையையும் இன்னொரு வீட்டார் தோளில் சுமந்து ஏற்றிய அந்தச் செயலில் இருந்த துணிவு, எந்தப் பெரும் ஊர்வலத்துக்கும் குறைந்ததன்று.

பல குடும்பங்களின் ஒப்பந்தங்கள் குறைந்த விலைக்குத் திருத்தப்பட்டன. சிலருக்கு முறையான அடமானக் கடன் கிடைத்தது. ஆனால் பறித்த பணத்தைத் திரும்பக் கேட்ட கூட்டாட்சி நீதிமன்ற வழக்கில் 1976இல் ஜூரிகள் விற்பனையாளர் பக்கம் நின்றார்கள். பள்ளிகளில் இனப்பிரிப்பைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு உண்டாக்கிய குழப்பத்தை முடிக்க இத்தீர்ப்பு உதவட்டும் என்று ஜூரிகளின் தலைவரே சொன்னதைக் கோட்ஸ் பதிவுசெய்கிறார். வீட்டு வழக்கை விசாரித்தவர்களின் மனத்தில் எது இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

துயரக் கணக்கை மட்டும் எழுதினால் கறுப்பின அமெரிக்கரின் அன்றாடம் பாதிதான் எழுதப்பட்டதாகும். சிகாகோவின் கறுப்பின வட்டாரங்களில் ஒரு குறுக்குத்தெருவுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட வீடுகள் சேர்ந்து 'பிளாக் கிளப்' என்ற சிறு மன்றத்தை அமைத்துக்கொள்வது நூறாண்டு வழக்கம். தெற்கிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு நகர வாழ்வைப் பழக்க நகர்ப்புறக் கூட்டமைப்பு என்ற கறுப்பினர் நல அமைப்பு தொடக்க காலத்தில் இதை ஊக்குவித்தது. தெருமுனையில் வரவேற்புச் சொல்லோடு நிற்கும் கையால் தீட்டிய பலகை, அதற்குக் கீழே சத்தமாகப் பாட்டு வைக்கலாகாது, புல்தரையில் பந்து விளையாடலாகாது, தெருவில் கார் பழுதுபார்க்கலாகாது, வண்டியை மெதுவாக ஓட்டவும் என்று நீளும் வரிசை, கோடையில் தெருவை மறித்துப் போடும் இறைச்சிச் சுடல் விருந்து, தனியாக வாழும் முதியவரின் வாசல் பனியை அள்ளும் முறை ஆகியவை எல்லாம் இதன் வேலைகள். நகராட்சி செய்ய மறந்ததை மக்கள் தாமே செய்துகொண்ட ஏற்பாடு இது.

அதன் மதிப்பு எவ்வளவு என்பதை 1995 ஜூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலை காட்டியது. அதில் வழக்கத்துக்கு மேலாக ஏறத்தாழ 739 பேர் இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க் வட்டாரவாரியாக ஆராய்ந்தபோது, ஆலைகள் மூடப்பட்டு, கடைகள் போய், காலி மனைகளாகிவிட்ட நார்த் லாண்டேலில் இறப்பு லட்சத்துக்கு 40 என்று தெரிந்தது. வறுமை இருந்தும் கடைத்தெருவும் நடமாட்டமும் மிகுந்த, தெற்கே ஒட்டியிருக்கும் லத்தீன் அமெரிக்கர் வட்டாரத்தில் லட்சத்துக்கு 4. அதைவிடக் கவனிக்கத்தக்கது, ஏறக்குறைய முழுவதும் கறுப்பினத்தவரே வாழும் ஆபர்ன் கிரெஷாம் வட்டாரத்தில் இறப்பு லட்சத்துக்கு 3 மட்டுமே என்பது. அங்கே கடைகளும் தேவாலயங்களும் நடைபாதைகளும் எஞ்சியிருந்தன, பிளாக் கிளப்புகள் உயிரோடிருந்தன. எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார் என்பது தெருவுக்குத் தெரிந்திருந்தது, கதவைத் தட்டிப் பார்க்க ஆட்கள் சென்றார்கள். உயிரைக் காத்ததும் பறித்ததும் இனமல்ல, ஒரு வட்டாரம் சிதையாமல் நிற்க விடப்பட்டதா இல்லையா என்பதே. நார்த் லாண்டேலில் 1960இல் 1,25,000 பேர் வாழ்ந்தார்கள். 2020இல் ஏறத்தாழ 35,000 பேர்.

கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, வீட்டு விற்பனையில் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. ஆயினும் புகாரை விசாரித்துச் சமரசம் பேசுவதற்கு மேல் அரசுத் துறைக்கு அது அதிகாரம் தரவில்லை, அதற்குப் பல் முளைக்க 1988ஆம் ஆண்டுத் திருத்தம் வர வேண்டியிருந்தது. பிறகு கடன் மறுக்கப்பட்ட அதே வட்டாரங்களில் கடனே பொறியாக வந்தது. 2000களில் நல்ல தவணை வரலாறு உள்ள கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் வட்டி மிகுந்த கடன்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. இதற்காக நீதித்துறை தொடுத்த வழக்குகளில், கன்ட்ரிவைடு என்ற கடன் நிறுவனம் தொடர்பாக 2011இல் 33.5 கோடி டாலர் தர ஒப்புக்கொள்ளப்பட்டது; வெல்ஸ் பார்கோ வங்கி 2012இல் 17.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2008 நெருக்கடியில் ஜப்தியான வீடுகளை மொத்தமாக வாங்கிய முதலீட்டு நிறுவனங்கள் சில, அவற்றை அதே பழைய ஒப்பந்த முறையில் கறுப்பின வட்டாரங்களில் விற்கத் தொடங்கின.

இன்று வீட்டை விற்கவோ அதன் மீது மறுகடன் பெறவோ முனையும் கறுப்பினக் குடும்பத்தின் முன் நிற்பவர் மதிப்பீட்டாளர். வங்கிக்காக வீட்டைப் பார்வையிட்டு விலை குறிப்பவர். பெரும்பான்மைக் கறுப்பின வட்டாரங்களில், வீட்டின் தரத்தையும் சுற்றுப்புற வசதிகளையும் சமன்செய்து ஒப்பிட்ட பிறகும், வீடுகள் 23 விழுக்காடு குறைவாக மதிக்கப்படுகின்றன என்று புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்தின் ஆந்த்ரே பெர்ரி குழுவினர் 2018இல் கணக்கிட்டார்கள். வீட்டுக்குச் சராசரி 48,000 டாலர், மொத்தம் 15,600 கோடி டாலர் இழப்பு. ஆகவே மதிப்பீட்டாளர் வரும் நாளில் சுவரிலிருந்து குடும்பப் படங்களைக் கழற்றி, கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களை அலமாரியிலிருந்து எடுத்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, வெள்ளையின நண்பர் ஒருவரை வீட்டுக்காரர்போல் நிற்கச் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. அப்படிச் செய்து இரண்டாம் முறை மதிப்பிட்டபோது லட்சக்கணக்கான டாலர் கூடிய நிகழ்வுகள் வழக்குகளாகவும் வந்துள்ளன. தாத்தா பாட்டியின் திருமணப் படத்தையும் மகளின் பட்டமளிப்புப் படத்தையும் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, தன் வீட்டில் தான் இல்லாததுபோல் ஒரு குடும்பம் நடிக்க நேர்வது, எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத தண்டனை.

ஈடு செய்யும் முயற்சியைச் சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டன் நகராட்சி 2021இல் தொடங்கியது. கஞ்சா விற்பனை வரியிலிருந்து ஒரு கோடி டாலர் ஒதுக்கி, 1919க்கும் 1969க்கும் இடையே அங்கு வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் அவர்களுடைய நேர் வழித்தோன்றல்களுக்கும் வீட்டு முன்பணமாக, அடமானத் தவணையாக, பழுதுபார்ப்புச் செலவாக 25,000 டாலர் வழங்குவது திட்டம். பின்னர் ரொக்கமாகப் பெறவும் வழி செய்யப்பட்டது. தொகை சிறிது என்ற குறை நியாயமானதே, ஆனால் தீங்கின் காலத்தையும் இடத்தையும் முறையையும் ஓர் அரசு அமைப்பு தானே பெயர் சொல்லி ஒப்புக்கொண்டது அந்நாட்டில் புதிது. இனத்தை அடிப்படையாக வைத்துப் பணம் கொடுப்பது அரசமைப்புக்கு முரண் என்று 2024இல் அதன் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. இனத்தை அடிப்படையாக வைத்துக் கடன் மறுத்த அரசு விதிநூல் பல்லாண்டுகள் எந்தத் தடையுமின்றி நடந்த நாட்டில், அந்தக் காலத்தைக் கடந்து வந்த முதியவர்கள் இந்தத் தொகைக்காகப் பெயர் பதிந்து வரிசையில் காத்திருந்தார்கள்.